ஒரு புள்ளிக்குள் அடங்கியவை

வடமராட்சியில் எமக்கு அறிமுகமான ஓர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்றவர். பொதுப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தியும் பழகியவர். அவருடைய மகள் குடும்பத்தோடு ஐக்கிய அமெரிக்காவில் வாழ்கிறார். பேர்த்தி அங்கே ஓர் உயர்நிலைப் பாடசாலையிற் பதினோராம் வகுப்பிற் பயில்கிறாள். ஞாயிறுதோறும் காலையில் அவர்கள் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும். அங்கே அப்பொழுது சனிக்கிழமை மாலை.

ஒரு ஞாயிறன்று பேர்த்தியின் குரல் கம்மியிருந்தது. "அம்மம்மா, கணிதத்தில் எனக்குச் சீ வந்திருக்கிறது" என்றாள். அவ்வெழுத்தின் ஒலியே அம்மையாருக்கு நல்லதாகப் படவில்லை. "சீயா? என்ன பிள்ளை இது?" என்று கலங்கித் தொலைபேசியைக் கணவரிடம் நீட்டினார்.

"எத்தனை புள்ளி, பிள்ளை?" என்று கேட்டார் ஆசிரியர்.

"எழுபத்தொன்பது தசம் இரண்டு, அம்மப்பா."

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "எழுபத்தொன்பதுக்கு இங்கே ஏ அல்லவா போடுவோம்!"

பிள்ளை சிரிக்கவில்லை. "இங்கே தொண்ணூறு எடுத்தால்தான் ஏ. எண்பது எடுத்தால்தான் பீ. ஒரு புள்ளி கூட இல்லை, அம்மப்பா. ஒரு புள்ளிக்கும் குறைவாகத்தான் தவறவிட்டேன். ரீச்சரிடம் போய்க் கேட்கட்டுமா?"

இந்தக் கேள்விக்கு ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. "அடுத்த ஞாயிறு சொல்கிறேன். அதற்கிடையில் உன் வகுப்பு விதிகள் எழுதிய தாளை எனக்கு அனுப்பி வை" என்றார். அத்தாளை அவர் எம்மிடமும் காட்டினார். அதைப் படித்த பின்னர் நாமிருவரும் பேசியவையே இக்கட்டுரை. எம்மவர் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பல தேசங்களிற் கல்வி கற்கின்றனர். ஒரு தேசத்தின் புள்ளியை மற்றொரு தேசத்தின் கண்கொண்டு பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் பல வீடுகளில் நிகழ்கின்றன. ஆதலின் இது ஒரு வீட்டின் கதை மாத்திரமன்று.

அது என்ன வகுப்பு?

அவ்வகுப்பை அமெரிக்காவிற் 'பிறீகல்குலஸ்' என்பர். நுண்கணிதத்துக்கு முன்னர்க் கற்கவேண்டிய கணிதம் என்பது அதன் பொருள். எமது நாட்டிற் பதினோராம் வகுப்பு வரையும் அட்சரகணிதம், கேத்திரகணிதம், திரிகோணகணிதம் யாவும் ஒரே பாடமாகச் சேர்ந்து வரும். அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் அவ்வாறன்று. ஓராண்டு அட்சரகணிதம், ஓராண்டு கேத்திரகணிதம், பின்னும் ஓராண்டு அட்சரகணிதம் என்று படிப்படியாகச் சென்று, அதன் பின்னரே இந்த முன் நுண்கணித வகுப்பை அடைவர். இதைக் கடந்தவர் நுண்கணிதத்தின் வாயிலுக்கு வருவர்.

இங்கே படிக்கப்படுவது பெரும்பாலும் சார்புகள் பற்றியதாகும். ஆலையின் ஒரு புறம் நெல்லை இட்டால் மறு புறம் அரிசி வருவது போல, ஓர் எண்ணை இட்டால் விதிப்படி மற்றோர் எண்ணைத் தருவது சார்பு. பல்லுறுப்பிச் சார்புகள், ஒரு பல்லுறுப்பியை மற்றொன்றால் வகுத்துப் பெறும் சார்புகள், அடுக்குகள், மடக்கைகள், சைன் கோசைன் முதலிய திரிகோணகணிதச் சார்புகள் என்பன இதில் அடங்கும். எமது உயர்தர வகுப்பின் இணைந்த கணிதத்தைத் தொடங்கும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் பகுதிகளும் ஏறக்குறைய இவையே.

2023 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கொலிஜ் போர்ட் என்னும் அமைப்பு இப்பாடத்துக்கென நாடளாவிய ஓர் உயர்நிலைப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதற் பரீட்சை 2024 மே மாதம் நடைபெற்றது. தெரிவு வினாக்கள் 40, எழுதி விடையளிக்கும் வினாக்கள் 4. பெறுபேறு 1 முதல் 5 வரையான ஓர் எண். ஆயினும் வகுப்புப் புள்ளி அதனின்றும் வேறானது. அப்பரீட்சைக்குத் தோற்றினாலும் தோற்றாவிட்டாலும், வகுப்பிற்கு ஓர் எழுத்தை வழங்குபவர் பாடம் கற்பித்த ஆசிரியரே.

அந்த எழுத்தின் பாரம் சிறிதன்று. ஏ என்பதற்கு 4, பீ என்பதற்கு 3, சீ என்பதற்கு 2, டீ என்பதற்கு 1, தவறினார்க்குப் பூச்சியம் என்று மாற்றி, எல்லாப் பாடங்களுக்கும் சராசரி காண்பது அங்கே பரவலான வழக்கம். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்பொழுது அச்சராசரியும் பார்க்கப்படும். 70 பெற்றவருக்கும் 79 பெற்றவருக்கும் கிடைப்பது அதே 2. 80 பெற்றவருக்கோ 3. ஒன்பது புள்ளி இடைவெளி ஓரிடத்தில் ஒன்றுமில்லாமற் போகிறது. ஒரு புள்ளிக்கும் குறைந்த இடைவெளி மற்றோரிடத்தில் மலையாக உயர்கிறது. பிள்ளையின் குரல் கம்மியதற்குக் காரணம் இதுவே.

முதல் நாள் தாள்

அமெரிக்க வகுப்புகளில் ஆண்டின் முதல் நாளன்றே ஆசிரியர் ஒரு தாளை எல்லோருக்கும் வழங்குவது வழக்கம். தாம் மாணவரிடம் எதிர்பார்ப்பவை யாவை, புள்ளியை எவ்வாறு கணிப்பார் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். பேர்த்தி அனுப்பிய தாளும் அத்தகையது. நேரத்துக்கு வருதல் வேண்டும். பென்சில், குறிப்புப் புத்தகம், வரைபு காட்டும் கணிப்பான் என்பன கொண்டுவருதல் வேண்டும். வீட்டுவேலையை உரிய நாளில் ஒப்படைத்தல் வேண்டும். தாமதமானால் இவ்வளவு குறையும். விடையை மாத்திரம் எழுதினாற் போதாது, வழியையும் காட்டுதல் வேண்டும். விளங்காதவற்றைக் கேட்கப் பாடசாலை முடிந்த பின் இன்ன நாட்களில் வரலாம். இவை யாவும் வரிசையாக இருந்தன. இறுதியிற் பெற்றோரும் மாணவியும் கையொப்பமிட இடம் விடப்பட்டிருந்தது.

"காணி உறுதி எழுதுவது போலல்லவா இருக்கிறது!" என்றார் எமது நண்பர். சற்று நேரம் கழிந்த பின் அவரே, "ஆனால் உறுதி இல்லாத காணியை விட உறுதியுள்ள காணி நல்லதுதான்" என்றும் கூறினார்.

அத்தாளின் உயிர்நிலை அதன் கடைசிப் பகுதியில் இருந்தது. வீட்டுவேலைக்கு நூற்றுக்கு 20, சிறு சோதனைகளுக்கு 20, அலகுப் பரீட்சைகளுக்கு 60 என்று பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. நண்பர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டார். பேர்த்தி ஒரு நாளும் வீட்டுவேலையைத் தவறவிடாதவள், அதில் 100. சிறு சோதனைகளில் 80. அலகுப் பரீட்சைகளில் 72. பங்கின்படி 20, 16, 43.2, கூட்டினால் 79.2.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு மாணவன் இருக்கிறானாம். பரீட்சைகளில் 92, சிறு சோதனைகளில் 90 எடுப்பவன், வீட்டுவேலையோ பெரும்பாலும் செய்வதில்லை, அதில் 20. அவனுக்கு 4, 18, 55.2, கூட்டினால் 77.2. மடக்கைகளையும் திரிகோணகணிதத்தையும் அவளினும் நன்கு அறிந்தவன், புள்ளியில் அவளுக்குக் கீழே நிற்கிறான். இருவருக்கும் எழுத்து ஒன்றே: சீ.

இனி, பங்கை மாத்திரம் மாற்றிப் பார்ப்போம். வீட்டுவேலைக்கு 10, சிறு சோதனைக்கு 20, பரீட்சைக்கு 70 என்று வைத்தால், அவளுக்கு 76.4, அவனுக்கு 84.4. அவன் பீ, அவள் சீ. வீட்டுவேலைக்கு 40, சிறு சோதனைக்கு 20, பரீட்சைக்கு 40 என்று வைத்தால், அவளுக்கு 84.8, அவனுக்கு 62.8. அவள் பீ, அவன் டீ. பிள்ளைகள் மாறவில்லை, அவர்கள் எழுதிய ஒரு வரியும் மாறவில்லை. பங்கு மாறியது, எழுத்து மாறியது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாது? புள்ளி என்பது பிள்ளையின் அறிவை நேரே அளந்து கூறும் அளவன்று. ஆசிரியர் எதை எவ்வளவு மதிக்கிறார் என்பதும் அதனுட் கலந்தே இருக்கிறது. உழைப்பும் அறிவும் ஒரே பாத்திரத்தில் ஊற்றப்பட்ட பின், பாலெது நீரெது என்று வெளியே நின்று கூறுதல் அரிது.

பூச்சியத்தின் வலிமை

அத்தாளில் மற்றொரு விதியும் இருந்தது. காரணமின்றித் தவறவிட்ட பரீட்சைக்குப் பூச்சியம். இது நியாயமாகவே தோன்றும். ஆனால் பூச்சியம் சராசரியிற் செய்யும் வேலையைப் பாருங்கள். ஒருவர் நான்கு பரீட்சைகளில் 80, 85, 82, 88 பெற்றார் எனின் அவருடைய சராசரி 83.75. ஐந்தாவதற்கு வரவில்லை எனப் பூச்சியம் இட்டால் சராசரி 67. பீ ஒரேயடியாக டீ ஆகிறது. அவர் அறிந்த கணிதம் ஒரு நாளிற் குறைந்துவிட்டதா?

ஏ, பீ, சீ, டீ என்னும் எழுத்துகளுக்குப் பெரும்பாலும் பத்துப் பத்துப் புள்ளிகளே இடம். தோல்விக்கோ 60க்குக் கீழுள்ள முழு இடமும் உண்டு. ஆதலாற் பூச்சியம் ஏனைய எழுத்துகளை விடப் பல மடங்கு பாரமாக விழுகிறது. இதனை முன்னிட்டு, 50க்குக் கீழே புள்ளி இடலாகாது என்று வாதிடுவோர் அந்நாட்டில் உளர். செய்யாத வேலைக்குப் பாதிப் புள்ளி கொடுப்பது சோம்பலுக்குப் பரிசளிப்பதாகும் என்று எதிர்த்துரைப்போரும் உளர். பூச்சியத்தைத் தண்டனையாகக் கொள்வதா, அளவீடாகக் கொள்வதா என்பதே இரு சாராருக்கும் இடையிலுள்ள வழக்கு.

அளவுகோலின் பழைய கதை

இவ்வெழுத்துகள் ஆதிகாலந்தொட்டு இருந்தவையல்ல. அமெரிக்காவின் யேல் கல்லூரியில் 1785 ஆம் ஆண்டு, அதன் தலைவர் எஸ்றா ஸ்டைல்ஸ் 58 மாணவரைப் பரீட்சித்து நான்கு வகையாகப் பிரித்துத் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சிறந்தோர் 20 பேர், அடுத்த நிலையினர் 16 பேர், தாழ்ந்தோர் 12 பேர், மிகத் தாழ்ந்தோர் 10 பேர். இலத்தீன் மொழிச் சொற்களே அவ்வகைகளுக்குப் பெயராயின. எழுத்தையும் நூற்று வீதத்தையும் இணைத்த முறை மவுண்ட் ஹோலியோக் என்னும் மகளிர் கல்லூரியில் 1897 ஆம் ஆண்டு தோன்றியது. அங்கே ஏ பெறுவதற்கு 95 வேண்டியிருந்தது. 75க்குக் கீழே போனவர் தவறியவர். எமது பேர்த்தியின் 79.2 அங்கே போயிருந்தாலும் சீயாகவே இருந்திருக்கும்.

எண்ணும் எழுத்தும் வந்த பின் அவற்றை நம்பலாமா என்ற கேள்வியும் வந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்னும் இருவர் 1912 ஆம் ஆண்டு ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதி செய்து பல பாடசாலைகளுக்கு அனுப்பித் திருத்துவித்தனர். வந்த புள்ளிகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம் விலகியிருந்தன. மொழிப்பாடம் அப்படித்தான், கணிதத்தில் அவ்வாறு நிகழாது என்று பலர் எண்ணினர். ஆதலால் அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு கேத்திரகணித விடைத்தாளை அனுப்பினர். நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர் அதே தாளைத் திருத்தினர். ஒருவர் 28 கொடுத்தார். மற்றொருவர் 90க்கு மேற் கொடுத்தார். மொழிப்பாடத்தை விடக் கணிதத்தில் இடைவெளி கூடுதலாக இருந்தது!

இது எவ்வாறு நிகழும்? இரண்டும் இரண்டும் நான்கு என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபாடு உண்டோ? வேறுபாடு விடையில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது.

ஒரு கணக்கும் மூன்று விடைகளும்

அடுத்த ஞாயிறு நண்பர் பேர்த்தியிடம் புள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை. "எந்தக் கணக்கில் பிழை விட்டாய்? எடுத்து வாசி" என்றார். அவள் வாசித்த கணக்கைச் சொல்லில் இவ்வாறு கூறலாம்: இரண்டை அடியாகக் கொண்டு ஓர் எண்ணின் மடக்கையையும், அதனிலும் இரண்டு குறைந்த எண்ணின் மடக்கையையும் கூட்டினால் 3 வருகிறது, அவ்வெண் யாது?

மடக்கைகளைக் கூட்டுவது எண்களைப் பெருக்குவதற்குச் சமம். இரண்டை மூன்று முறை பெருக்கினால் 8. ஆகவே ஓர் எண்ணை அதனிலும் இரண்டு குறைந்த எண்ணாற் பெருக்கினால் 8 வரவேண்டும். இது ஓர் இருபடிச் சமன்பாடு. இதற்குத் தீர்வுகள் இரண்டு. நான்கை இரண்டாற் பெருக்க 8. மறை இரண்டை மறை நான்காற் பெருக்கவும் 8. பேர்த்தி இரண்டையும் விடையாக எழுதியிருந்தாள். ஆனால் மறை எண்ணுக்கு மடக்கை இல்லை. அப்படியாயின் மறை இரண்டை விலக்கிவிட வேண்டும். விடை 4 மாத்திரமே.

இக்கணக்குக்கு மூன்று மாணவர் விடையெழுதினர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஒரு வழியும் காட்டாது '4' என்று மாத்திரம் எழுதினார். இரண்டாமவர் எல்லாப் படிகளையும் ஒழுங்காக எழுதி, இறுதியில் 4, மறை இரண்டு ஆகிய இரண்டையும் விடையென்றார். மூன்றாமவர் மடக்கை விதியைச் சரியாகப் பிரயோகித்து, மறை விடையை விலக்க வேண்டுமென்றும் எழுதி, இடையே பெருக்கலில் ஒரு சிறு தவறு செய்து பிழையான எண்ணை அடைந்தார். ஐந்து புள்ளியில் யாருக்கு எத்தனை?

விடையே முக்கியம் என்பவர் முதலாமவருக்கு ஐந்து கொடுப்பார். வழியே முக்கியம் என்பவர் அவருக்கு ஒன்று கொடுத்து, இரண்டாமவருக்கு நான்கு கொடுப்பார். கருத்தை விளங்கினாரா என்று பார்ப்பவர் மூன்றாமவருக்கே கூடுதலாகக் கொடுப்பார். மூவரும் நேர்மையான ஆசிரியரே. 28க்கும் 90க்கும் இடையே அன்று கிடந்த தூரம் இத்தகைய சிறு சிறு தீர்ப்புகளாலானது.

"விடைத்தாள் திருத்தும் நிலையத்தில் எங்கள் கையில் ஒரு புள்ளித் திட்டம் இருக்கும். இந்தப் படிக்கு இவ்வளவு என்று முன்னரே முடிவு செய்திருப்பார்கள். எனக்கு மனமிருந்தாலும் கூட்ட முடியாது, கோபமிருந்தாலும் குறைக்க முடியாது" என்றார் நண்பர். பின்னர், "அந்தத் திட்டத்தைப் பரீட்சை எழுதும் முன்னரே பிள்ளையின் கையிற் கொடுப்பதுதான் முதல் நாள் தாள். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கக் கூடாது" என்றார்.

உழைப்புக்கு வேறு, அறிவுக்கு வேறு

உழைப்பையும் அறிவையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றாமல் வைக்க முடியாதா? முடியும் என்பதற்கு அயல்நாடான கனடாவில் ஓர் உதாரணம் உண்டு. எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரம் ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே முன் நுண்கணிதத்துக்கு ஒப்பான பாடம் பன்னிரண்டாம் வகுப்பில் 'உயர் சார்புகள்' என்ற பொருளுடைய பெயரால் வழங்குகிறது.

அம்மாகாணம் 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டுக் கொள்கையின்படி, பயிற்சிக்காக நாள்தோறும் செய்யும் வீட்டுவேலையைப் பாடப்புள்ளியிற் சேர்த்தலாகாது. பொறுப்புணர்ச்சி, ஒழுங்கு, தனித்துச் செயற்படல், கூடிச் செயற்படல், முன்முயற்சி, தன்னைத் தானே நெறிப்படுத்தல் என்னும் ஆறு பழக்கங்களுக்கும் தேர்ச்சி அறிக்கையில் வேறு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. பாடப்புள்ளியில் நூற்றுக்கு 70 பங்கு ஆண்டினூடே செய்தவற்றாலும், 30 பங்கு இறுதி மதிப்பீட்டாலும் வரும். 70 முதல் 79 வரை பெற்றவர் மாகாணம் எதிர்பார்க்கும் தரத்தை எட்டியவராகக் கொள்ளப்படுவர்.

எமது பேர்த்தியும் அவளுடைய பக்கத்து மாணவனும் அங்கே படித்திருந்தால் என்னவாகும்? அவளுடைய அறிக்கை 'பழக்கம் மிக நன்று. பாடத்தில் இன்னும் தேறவேண்டும்' என்று கூறும். அவனுடையது 'பாடம் மிக நன்று. பழக்கம் போதாது' என்று கூறும். இருவருக்கும் தம் குறை எதுவென்று தெரியும். ஒரே சீ என்னும் எழுத்தின் கீழ் இருவர் குறையும் மறைந்து கிடக்கமாட்டா. வீட்டுவேலைக்குப் புள்ளி இல்லையெனிற் பிள்ளைகள் அதைச் செய்யார் என்று அஞ்சும் ஆசிரியரும் உளர். அவ்வச்சம் வீணானதன்று. கணிதம் கையாற் பயில வேண்டிய கலை. பயிலாதவர் பரீட்சையன்று அதன் பயனைக் காண்பர். ஆயினும் பயிற்சிக்கு ஊக்கம் தருவது வேறு. பயிற்சியை அறிவென்று எண்ணிக்கொள்வது வேறு.

எமது அளவுகோல்

எமது நாட்டில் நிலைமை எவ்வாறு? க.பொ.த. சாதாரண தரத்தில் 75க்கு மேல் ஏ, அதாவது விசேட சித்தி. 65க்கு மேல் பீ. 50க்கு மேல் சீ, அதுவே திறமைச் சித்தி. 35க்கு மேல் சாதாரண சித்தி. ஆதலால் அமெரிக்கப் பேர்த்தி சீ என்று அழுததும், அம்மப்பா ஏ என்று சிரித்ததும் ஒரே எண்ணைக் குறித்தே. இரண்டு அளவுகோல்கள், ஒரே நீளம்.

இங்கே பொதுப் பரீட்சைத் தாளைத் திருத்துபவர் பிள்ளையின் முகத்தை அறியார். தாமதமாக வந்தவளா, புத்தகம் கொண்டு வந்தவளா என்பன அவருக்குத் தெரியா. அதனாற் பாரபட்சம் குறைகிறது. ஆனால் இரண்டாண்டு உழைப்பு முழுவதும் சில மணி நேரத்தின் மேல் நிற்கிறது. அன்று காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஆறுதல் இல்லை.

உயர்தரத்திலோ மற்றோர் அளவும் உண்டு. 2001 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பயன்படுகிறது. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறும் எண் அது. விளக்கத்துக்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 எனின் 70 புள்ளி பெற்றவருக்கு இசட் புள்ளி 2. வேறொரு பாடத்தின் சராசரி 55, விலகல் 10 எனின் அதே 70க்கு 1.5. கடினமான பாடத்தில் எடுத்த 70 கூடுதலாக மதிக்கப்படுகிறது.

அமெரிக்க வகுப்பின் எழுத்து, "முன்னர்க் கூறிய எல்லையை நீ அடைந்தாயா?" என்று கேட்கிறது. எல்லோரும் அடைந்தால் எல்லோருக்கும் ஏ கிடைக்கலாம். இசட் புள்ளியோ, "மற்றவரிடையே நீ எங்கே நிற்கிறாய்?" என்று கேட்கிறது. எல்லோரும் மேலே நிற்றல் அங்கே இயலாது. இடம் குறைவாகவும் விண்ணப்பிப்போர் அதிகமாகவும் உள்ளவிடத்து இரண்டாவது கேள்வி தவிர்க்க முடியாததாகலாம். ஆனால் ஒரு பிள்ளை மடக்கையை விளங்கிக்கொண்டாளா என்பதற்கு அது விடையாகாது. அதற்கு முதலாவது கேள்வியே வேண்டும், அதனிலும் மேலாக, "எங்கே பிழை விட்டாய்?" என்ற மூன்றாவது கேள்வி வேண்டும். இந்த மூன்றாவது கேள்வியைப் பரீட்சைத் திணைக்களம் கேட்காது. வீட்டில் உள்ளோரும் ஆசிரியரும்தான் கேட்க முடியும்.

அம்மப்பாவின் விடை

பேர்த்தி கேட்ட கேள்விக்கு நண்பர் இறுதியில் இவ்வாறு விடை கூறினார்: "ரீச்சரிடம் போ, பிள்ளை. ஆனால் புள்ளி கேட்கப் போகாதே. மறை இரண்டை ஏன் விலக்கவேண்டும் என்று கேட்கப் போ. அவர் திருத்தியதில் தவறு இருந்தால் மரியாதையாகக் காட்டு. தாளில் எழுதிய விதிப்படி அவர் திருத்தியிருந்தால் அந்தச் சீயை ஏற்றுக்கொள். உன் வீட்டுவேலை நூற்றுக்கு நூறு, பரீட்சை எழுபத்திரண்டு. இருபத்தெட்டுப் புள்ளி எங்கே போகிறது என்று நாங்கள் இருவரும் தேடிப் பார்ப்போம்."

தேடிப் பார்த்ததில் ஓர் உண்மை வெளிப்பட்டது. பிள்ளை வீட்டுவேலையைப் புத்தகத்தின் உதாரணங்களை அருகே விரித்து வைத்துக்கொண்டு செய்து வந்தாள். படிகள் சரியாக வந்தன. விடைகளும் சரியாக வந்தன. நூற்றுக்கு நூறும் வந்தது. புத்தகத்தை மூடிய இடத்தில், அதாவது பரீட்சை மண்டபத்தில், விடையைச் சரிபார்க்கும் பழக்கம் அவளிடம் இருக்கவில்லை. அந்த நூறு அவளுக்கு மெய்யைச் சொல்லாமல் இதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சீயோ கடுமையாகவேனும் மெய்யைச் சொல்லியது.

அவள் ஆசிரியையிடம் சென்றாள். 79.2 மாறவில்லை. ஆனால் இப்பொழுது ஞாயிறுதோறும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஐந்து கணக்குகள் செய்து, ஒவ்வொரு விடையையும் முதலிலிருந்த சமன்பாட்டில் இட்டுப் பார்த்து, அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். அடுத்த தவணை என்ன எழுத்து வரும் என்று நாம் இங்கே கூறுவதற்கில்லை. அது இன்னும் வரவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தேர்ச்சி அறிக்கையோடு வீட்டுக்கு வந்தவுடன், "எத்தனை புள்ளி? வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பது எமது வழக்கம். அக்கேள்விகளைக் கேட்கலாகாது என்று நாம் கூறவில்லை. அவற்றுக்கு முன்னர், "எதற்கு இந்தப் புள்ளி? என்ன எதிர்பார்த்தார்கள்? எது உனக்கு இன்னும் விளங்கவில்லை?" என்று கேளுங்கள். விடைத்தாளைக் கையில் எடுத்து ஒரு பிழையையாவது பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். கணிதம் அறியாத தாய்மாரும் இதைச் செய்யலாம். பிள்ளையை விளக்கச் சொல்லிக் கேட்டாற் போதும். விளக்க முயலும் பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பதுண்டு.

மாணவர்க்கும் ஒரு வார்த்தை. ஆசிரியர் உங்களிடம் எதிர்பார்ப்பது யாது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளுங்கள்; தாளில் எழுதித் தராவிட்டால் பணிவோடு கேட்டு அறியுங்கள். வழியைக் காட்டி எழுதுங்கள், விடையைச் சரிபாருங்கள். பெற்ற புள்ளி அன்றைய உங்கள் வேலையின் அளவு மாத்திரமே, உங்கள் அளவன்று.

நண்பரின் வீட்டில் இப்பொழுது ஞாயிறு காலைத் தொலைபேசியை முதலில் எடுப்பவர் அம்மம்மாதான். மடக்கை என்றால் என்னவென்று அவருக்கு இன்றும் தெரியாது. ஆயினும் எடுத்தவுடன் அவர் கேட்கும் கேள்வி இது: "இந்தக் கிழமை என்ன பிழை விட்டாய், பிள்ளை? அம்மப்பா கடதாசியோடு காத்துக்கொண்டு இருக்கிறார்."